லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 ரி: 303 ஸ்னைப்பர் துவக்கைப் பற்றி அடிக்கடி கேக்கிற கேள்வியள்

திருகோணமலையில வளந்த எங்கட தலைமுறைக்கு துவக்கு எண்டுறது காணாத சாமான் இல்லை, சென்றியிலயும் றோட்டு ரோந்திலயும் துறைமுக வாசல்லயும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனம். ஆனா ஸ்னைப்பர் எண்டு கதை வந்தா மட்டும் படத்தில பாத்ததும் ஃபோன் கேம்ல விளையாடினதும்தான் எல்லார்ர வாயிலயும் வருது. அதால எனக்கு வாற கேள்வியளைச் சேத்து, நான் கனகாலமா வாசிச்சுக்கொண்டு வாற ஒரு துவக்கை வச்சுப் பதில் எழுதுறன்: ரெண்டாம் உலக யுத்தத்தில பிரிட்டிஷ் ஆமி பாவிச்ச லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 மார்க் 1 ரி. சுருக்கமா நம்பர் 4 ரி, ரி எண்டா ரெலஸ்கோப். இந்த ஒண்டை வடிவா விளங்கினா மற்ற ஸ்னைப்பர் துவக்குகளும் பாதிக்கு மேல விளங்கிடும்.

கேள்வி: இது ஸ்னைப்பருக்கெண்டே தனியாச் செய்த துவக்கோ?

இல்லை. சாதாரண சிப்பாய்க்குக் குடுத்த அதே 303 தான் (குழல் 0.303 அங்குலம், அதால அந்தப் பேர்). பர்மிங்ஹாம் பக்கம் ஷேர்லியில இருந்த பி.எஸ்.ஏ தொழிற்சாலை நம்பர் 4 துவக்குகளை லட்சக்கணக்கில செய்து தள்ளினது, செய்து முடிய ஒவ்வொண்டையும் சுட்டுப் பாப்பினம், அப்பிடிப் பாக்கேக்க சிலது மட்டும் சன்னங்களை ஒரே இடத்தில கிட்டக் கிட்டப் போடும். அதே வரைபடம், அதே மெஷின், அதே இரும்பு, ஆனா அதுகளில அளவுகள் எல்லாம் நல்லாப் பொருந்தி விழுந்திருக்கும். அந்தத் துவக்குகளைத்தான் புறம்பா எடுத்து வச்சவை. முதல் தொகுதியை என்ஃபீல்ட் அரச தொழிற்சாலையிலயே மாத்தினவை, பிறகு 1942 செப்டெம்பரில இருந்து அந்த வேலை லண்டன் ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட் கொம்பனிக்குப் போச்சு. அவை மகாராஜாமாருக்கும் பிரபுக்களுக்கும் வேட்டைத் துவக்கு செய்து பேர் எடுத்த ஆக்கள். அவையின்ர கையால மட்டும் 26,000க்கு மேல துவக்குகள் மாறி வந்தது. கனடாவில லோங் பிராஞ்ச் தொழிற்சாலையும் கொஞ்சம் செய்தது.

கேள்வி: அப்ப ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட் என்னதான் செய்தவை? ஸ்கோப்பை, அதான் குறி பாக்கிற தொலைநோக்கியை, பூட்டினா முடிஞ்சுதே?

இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் நீளமாச் சொல்லப்போறன்.

நம்பர் 4 துவக்கின்ர உடம்பில இடப்பக்கம் தட்டையா ஒரு சுவர் மாதிரி இருக்கும். அந்தச் சுவரில ரெண்டு சின்ன இரும்புக் கட்டை வச்சு, திருகாணி போட்டு, ஈயம் உருக்கி ஒட்டி, பிறகு அதைக் குழலுக்குச் சரியா நேர் வாற மாதிரி கடைஞ்சு எடுப்பினம். அதுக்கு மேல வாறது வார்ப்பிரும்பு பிராக்கெட், ரெண்டு பெரிய குமிழ்த் திருகாணியைக் கையால முறுக்கிப் பூட்டலாம், கழட்டலாம். இந்த பிராக்கெட்டைக் கூடுதலா வார்த்தது கெயின்ஸ்பரோவில இருந்த ரோஸ் பிரதர்ஸ், சமாதான காலத்தில பொதி சுத்திற மெஷின் செய்த கொம்பனி. யுத்தம் வந்தா இனிப்புக்குக் கடதாசி சுத்திறதுக்கு மெஷின் செய்த கையும் துவக்குக்குத்தான் வேலை செய்ய வேண்டி வருது எண்டுறதை நான் இதில பாக்கிறன்.

பிறகு மரவேலை. முன் மரம் குழலை எந்தெந்த இடத்தில தொட வேணும், எவ்வளவு அழுத்தத்தில தொட வேணும் எண்டு பாத்துப் பாத்துச் செதுக்குவினம், ஏனெண்டா வெடிக்கிற நேரம் குழல் அதிருது, ஒவ்வொரு வெடிக்கும் ஒரே மாதிரி அதிர்ந்தாத்தான் சன்னம் ஒரே இடத்துக்குப் போகும். ஸ்கோப் குழலுக்கு மேல உயரத்தில இருக்கிறதால தலையை நிமித்தித்தான் பாக்க வேணும், அப்ப கன்னம் மரத்தில படாது, அதுக்காகப் பின் மரத்துக்கு மேல ஒரு கன்னத் தாங்கியைத் திருகாணி போட்டுப் பூட்டினவை.

எல்லாம் முடிய ஸ்கோப்பின்ர இலக்கத்தைத் துவக்கின்ர பின் மரத்தின்ர கழுத்தில அடிப்பினம், துவக்கின்ர இலக்கத்தை பிராக்கெட்டில அடிப்பினம். ரெண்டும் சோடி, பிரிக்கக் கூடாது. இந்த ஸ்கோப்பைக் கழட்டி வேற துவக்கில போட்டா அது வெறும் கண்ணாடிதான்.

கடைசியில பரீட்சை. 200 யார், அதாவது 180 மீற்றருக்குக் கொஞ்சம் கூட, அந்தத் தூரத்தில 7 வெடியில ஏழும் 5 அங்குல வட்டத்துக்குள்ள விழ வேணும். 400 யாரில 7க்கு 6 வெடி 10 அங்குல வட்டத்துக்குள்ள. இண்டைக்கு இருக்கிற துவக்குகளோட பாத்தா இது பெரிய கெட்டித்தனம் இல்லை எண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம், சரிதான், ஆனா யுத்த அவசரத்தில, குண்டு விழுகிற லண்டனில, ஆயிரக்கணக்கில, அதுவும் கைவேலையால இந்தத் தரத்தைப் பிடிச்சவை எண்டுறதைச் சேத்துப் பாருங்கோ.

கேள்வி: ஸ்கோப் எத்தினை மடங்கு பெருப்பிக்கும்?

மூண்டு, மூண்டரை மடங்கு, அவ்வளவுதான். நம்பர் 32 எண்டு பேர். இதில ஒரு விசயம் கனபேருக்குத் தெரியாது, இந்த ஸ்கோப்பை முதல் வரைஞ்சது ப்ரென் மெஷின் கன்னுக்கு, அதில அதைப் பெரிசாப் பாவிக்கேல்லை, பிறகு துவக்குக்கு எடுத்தவை. பிராக்கெட்டோட சேத்து கிட்டத்தட்ட ஒரு கிலோ பாரம். துவக்கோட சேத்தா மொத்தம் 5 கிலோவுக்கு மேல போகும். உள்ளுக்க பாத்தா படத்தில காட்டுற மெல்லிய சிலுவைக் கோடு இருக்காது, கீழ இருந்து மேல வாற ஒரு கூர்த் தடியும் குறுக்க ஒரு கம்பியும்தான். மேல இருக்கிற திருகியை 1000 யார் வரைக்கும் தூரத்துக்குத் தக்கன திருப்பலாம். முதல் வந்த மார்க் 1 இல சரிப்பண்ணுறதுக்குத் தனிக் கருவி வேணும், சிப்பாய்க்கு அது பெரிய கரைச்சல், பிறகு மார்க் 2, மார்க் 3 எண்டு திருத்தினவை.

ஸ்கோப் போட்டா இன்னொரு இழப்பும் இருக்கு. சாதாரண 303 இல அஞ்சு அஞ்சு ரவையா கிளிப்பில வச்சு மேல இருந்து அமத்தி 10 ரவையையும் ஏத்தலாம். ஸ்கோப் அந்த இடத்தை மறைச்சிடும், அதால ஒவ்வொரு ரவையாத்தான் போட வேணும். ஸ்னைப்பருக்கு அவசரம் இல்லைத்தானே எண்டு கேப்பியள். அவன் இருக்கிற இடம் பிடிபட்டா அவசரம் வரும்.

கேள்வி: தானாச் சுடுற துவக்குகள் அப்பவே இருக்கத்தானே, ஏன் போல்ட்டை இழுத்து இழுத்துச் சுட வேணும்?

போல்ட் எண்டுறது ரவையைக் குழலுக்குள்ள தள்ளிப் பூட்டுற இரும்புத் தண்டு, அதைக் கையாலதான் இழுக்க வேணும். போல்ட் துவக்கில சன்னம் குழலை விட்டு வெளிக்கிடுற வரைக்கும் உள்ளுக்க பெரிசா ஒண்டும் அசையாது. ஊசி அடிக்கும், வெடிக்கும், அவ்வளவுதான். தானியங்கியில காஸ் ஒரு பக்கம் தள்ளும், பிஸ்டன் ஓடும், அதுகள் எல்லாம் குழலின்ர அதிர்வில கை வைக்கும். அதோட போல்ட் துவக்கு வெறுங் கோதை நீங்கள் இழுக்கிற நேரம்தான் வெளியில எறியும், பித்தளைக் கோது வெயில்ல மினுங்கிப் பறந்து இடத்தைக் காட்டிக் குடுக்காது. ரஷ்யாக்காரர் 1963 இல ட்ரகுனோவ் எண்டு தானா ஏத்துற ஸ்னைப்பர் துவக்கைக் கொண்டு வந்தவை, அது படைப்பிரிவோட சேந்து போய் வேகமாச் சுடுறதுக்கு நல்லம், ஒரே ஒரு வெடி சரியா விழ வேணும் எண்டா இண்டைக்கும் கனக்க ஆமியள் போல்ட்டைத்தான் கையில எடுக்கினம்.

லீயின்ர போல்ட் பற்றியும் ஒரு வரி. ஜேம்ஸ் பாரிஸ் லீ ஸ்கொட்லாந்தில 1831 இல பிறந்து கனடாவில வளந்த மணிக்கூட்டு வேலைக்காரன். அவர் வரைஞ்ச போல்ட் 60 பாகைதான் தூக்க வேணும், மற்ற நாட்டுத் துவக்குகளில 90 பாகை. அதால முகத்தை மரத்தில இருந்து எடுக்காமலே அடுத்த ரவையை ஏத்தலாம். இது நிண்டு பிடிச்சது 1888 இல வந்த லீ-மெட்ஃபோர்ட் துவக்கில இருந்து, நூறு வருசத்துக்குக் கிட்ட.

கேள்வி: எவ்வளவு தூரத்துக்குச் சரியாச் சுடலாம்?

சன்னம் ஒண்டரை கிலோமீற்றருக்கு மேலயும் போகும், அது வேற கதை. நல்லாப் பழகினவனுக்கு ஆளில படும் எண்டு நம்பிச் சுடக்கூடிய தூரம் 500, 600 யார் மட்டில. அதுக்குப் பிறகு காத்துத்தான் தீர்மானிக்கும்.

காத்தைப் பற்றி எங்கட ஊர் ஆக்களுக்குச் சொல்லுறது லேசு. ஆடி மாசம் கச்சான் எழும்பி அடிக்கிற நேரம் உப்புவெளிக் கடற்கரையில வலை காயப்போட்ட ஆக்களைக் கேளுங்கோ, ஒரே கரையில பத்து அடி தள்ளி நிண்டா காத்து வேற மாதிரி இருக்கும். 303 சன்னம் 500 யார் போக முக்கால் செக்கன் எடுக்குது. அந்த முக்கால் செக்கனில மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில குறுக்கால அடிக்கிற காத்து அதை ரெண்டு அடி தள்ளிப் போடும். ரெண்டு அடி எண்டா ஆள் தப்பீட்டான். அதுவும் அது பெரிய காத்து இல்லை, மரக்கொப்பு ஆடுற அளவுதான். அதால புல்லைப் பாத்து, புகையைப் பாத்து, மத்தியான வெயிலில நிலத்துக்கு மேல ஆடுற கானலைப் பாத்து காத்தை வாசிக்கப் படிக்க வேணும். கானல் எந்தப் பக்கம் சரிஞ்சு ஓடுதோ காத்தும் அந்தப் பக்கம். அதே கானல் குறியையும் இடம் மாத்திக் காட்டும், அது அடுத்த தலையிடி.

கேள்வி: ஸ்னைப்பர் ஒருத்தன் ஒரு நாளில எத்தினை பேரைச் சுடுவான்?

இந்தக் கேள்விதான் எனக்குக் கூடுதலா வாறது, எனக்கு மனசுக்குக் கஷ்டமான கேள்வியும் இதுதான். கனக்க நாளில ஒருத்தரையும் இல்லை. 1944 இல பிரிட்டிஷ் பட்டாலியனில எண்ணிக்கையாச் சில பேர்தான் ஸ்னைப்பர், அவை வேலை செய்தது பட்டாலியனின்ர புலனாய்வு அதிகாரிக்குக் கீழ. அதை யோசிச்சுப் பாருங்கோ. சுடுறது மட்டும்தான் வேலை எண்டா ஏன் புலனாய்வுக்குக் கீழ வைக்க வேணும்? ரெண்டு ரெண்டு பேராப் போவினம், ஒருத்தன்ர கையில துவக்கு, மற்றவன்ர கையில 20 மடங்கு பெருப்பிக்கிற ஸ்கௌட் ரெஜிமென்ட் தொலைநோக்கி, இருளோட போய்ப் படுத்து, நாள் முழுக்க எதிரி எங்க சமைக்கிறான், எந்தப் பாதையால தண்ணிக்குப் போறான், மெஷின் கன் எந்த மூலையில இருக்கு எண்டு பாத்து நேரத்தோட கொப்பியில எழுதி, இருண்டாப் பிறகு திரும்பி வந்து குடுக்க வேணும். அந்தக் கொப்பிக்காகத்தான் கொமாண்டர்மார் காத்திருந்தவை. ஒரு வெடி வச்சா அந்த இடம் முடிஞ்சுது, நாளைக்கு அங்க படுத்துப் பாக்க ஏலாது. அதால நல்ல ஸ்னைப்பர் எண்டுறவன் கனதரம் சுடாமல் விட்டவன்.

இந்த முறை முதலாம் யுத்தத்தில படிச்சது. ஜேர்மன்காரர் ஸ்கோப் வச்ச வேட்டைத் துவக்குகளோட வந்து அகழியில தலை நீட்டினவனை எல்லாம் சுட, பிரிட்டிஷ்காரரிட்ட பதில் இல்லாமல் இருந்தது. ஹெஸ்கெத்-ப்ரிச்சார்ட் எண்ட வேட்டைக்கார அதிகாரிதான் சண்டை போட்டு 1916 இல பிரான்சில ஒரு ஸ்னைப்பர் பள்ளிக்கூடம் தொடக்கினவர். ஸ்கொட்லாந்து மலைக்காட்டுக் காவலாளியளால ஆன லோவட் ஸ்கௌட்ஸ் படையும் அந்த நேரம் பெரிய உதவி. மானை நெருங்கிப் பழகின அந்த ஆக்கள் இலை, சாக்குத் துண்டு, கந்தல் எல்லாம் உடுப்பில கட்டி மறையிற பழக்கத்தையும் கொண்டு வந்தவை.

கேள்வி: ஆர் அண்ணை உலகத்தில பெரிய ஸ்னைப்பர்?

பேர் சொல்லுறன், ஆனா எண்ணிக்கையை வச்சு ஆளை அளக்காதீங்கோ. பின்லாந்தின்ர சிமோ ஹாய்ஹா, சோவியத்துக்கெதிரா நடந்த 1939–40 குளிர்கால யுத்தத்தில 500க்கு மேல எண்டு கணக்கு, ஸ்கோப்பே இல்லாமல் இரும்புக் குறியால. ஸ்கோப் இல்லாட்டித் தலையைத் தாழ்த்தி வைக்கலாம், குளிரில கண்ணாடி மூடுபனி பிடிக்காது. 1940 மார்ச்சில முகத்தில பெரிய காயம் பட்டும் 2002 வரைக்கும் இருந்தவர். சோவியத் பக்கம் லுட்மிலா பவ்லிசென்கோ, ஒடெசாவிலயும் செவாஸ்தோபோலிலயும், 309 எண்டு பதிவு, 1942 இல அமெரிக்காவுக்குப் போய் ஜனாதிபதியின்ர மனுசி எலனோர் ரூஸ்வெல்ட்டோட ஊர் ஊராப் பேசினவ. சோவியத்தில ரெண்டாயிரம் வரைக்கும் பொம்பிளையள் ஸ்னைப்பரா இருந்தவை. அவை கூடுதலாப் பாவிச்சது 1891 இல வந்த மோசின்-நகான்ட், அதுவும் சாதாரண சிப்பாய்த் துவக்கில இருந்து நல்லதைத் தெரிஞ்சு எடுத்ததுதான்.

கேள்வி: திருகோணமலைக்கும் இந்தத் துவக்குக்கும் ஏதாவது தொடர்பு இருக்கோ?

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பான்காரர் இஞ்ச அடிச்சது விமானத்தால. துறைமுகம், சீனன்குடா விமானத்தளம் எல்லாத்திலயும் குண்டு விழுந்தது, அதே நாள் மட்டக்களப்புக் கடலில பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் தாண்டது. அதில ஸ்னைப்பர் துவக்குக்கு வேலையே இல்லை. நம்பர் 4 ரி பெருந்தொகையா வெளியில வாறதே அந்த வருசக் கடைசியில இருந்துதான்.

ஆனா பெரிய படம் ஒண்டு இருக்கு. ஜப்பான் இன்னும் முன்னுக்கு வராமல் நிண்டது பர்மா, அசாம் பக்கத்துச் சண்டையளால, அந்தச் சண்டை உச்சத்துக்கு வந்த 1944 இல இந்தியப் பெருங்கடலில நிண்ட பிரிட்டிஷ் கடற்படைக்கு எங்கட குடாதான் பெரிய தளம். நிலாவெளி றோட்டில இருக்கிற யுத்த மயானத்தைப் பாத்திருப்பியள், வெள்ளைக் கல்லு வரிசை வரிசையா. அதுக்குப் பொறுப்பான அதே பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழுதான் நாகாலாந்தில கொஹிமா மயானத்தையும் பராமரிக்குது. 1944 ஏப்ரலில கொஹிமாவில பிரதி ஆணையாளரின்ர பங்களா டென்னிஸ் கோர்ட்டுக்கு இந்தப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படை, அந்தப் பக்கம் ஜப்பான் படை. அங்க நிண்ட ஒரு செரி மரத்தை ஜப்பான் ஸ்னைப்பர் ஏறி இருக்கப் பாவிச்சவை. சண்டையில மரம் சிதறிப் போச்சு, அடிக்கட்டையில இருந்து துளிர்த்த மரம் இண்டைக்கும் மயானத்துக்குள்ள நிக்குது, பக்கத்தில இந்தக் கதையை எழுதி வச்சிருக்கினம்.

கேள்வி: ஜப்பான் ஸ்னைப்பர்மாரின்ர துவக்கு இதை விட நல்லதோ?

அவையின்ர டைப் 97 வேற யோசனையில செய்தது. 6.5 மில்லிமீற்றர் ரவை, குழல் நீளம், மருந்து கொஞ்சம், அதால வெடிக்கேக்க சத்தமும் நெருப்பும் புகையும் குறைவு. காட்டுக்குள்ள இருந்து சுட்டா எங்க இருந்து வந்தது எண்டு பிடிக்கிறது சரியான கஷ்டம். ஸ்கோப் ரெண்டரை மடங்கு, இடப்பக்கம் தள்ளிப் பூட்டினது, அதால கிளிப்பால ரவை ஏத்தலாம். பர்மாக் காட்டில ஐம்பது, நூறு மீற்றரில நடந்த சண்டைக்கு அது நல்லாப் பொருந்தினது. 1000 யார் திருகியை அந்தக் காட்டுக்குள்ள வச்சு என்ன செய்யிறது? திறந்த வெளி எண்டா நான் நம்பர் 4 ரி தான் எடுப்பன்.

கேள்வி: எங்கட நாட்டில 303 இருந்ததுதானே?

சாதாரண 303 கனகாலம் இருந்தது. 1949 இல இலங்கை ஆமி தொடங்கேக்க பிரிட்டிஷ் சாமான்தான், 1971 கிளர்ச்சி நேரமும் 303 கையில இருந்தது, பொலிஸ் ஸ்டேசன் வாசல்ல அதுக்குப் பிறகும் கனகாலம் பாத்திருப்பியள். வயசான ஆக்கள் மரத் துவக்கு எண்டு சொல்லுறது அதைத்தான். அதுக்கும் ஸ்கோப் வச்ச நம்பர் 4 ரிக்கும் உடம்பு ஒண்டு, வேலை வேற.

கேள்வி: பராமரிப்பு கஷ்டமோ?

அந்தக் காலத்து 303 ரவையின்ர அடியில ஊசி அடிக்கிற தொப்பியில இருந்த மருந்து எரிஞ்சு குழலுக்குள்ள ஒரு உப்பை விட்டுட்டுப் போகும். கடற்கரை ஊரில இருக்கிற எங்களுக்கு உப்பு இரும்பை என்ன செய்யும் எண்டு தெரியும், சயிக்கிள் செயினைப் பாத்தாலே காணும். எண்ணெய் போட்டாலும் அந்த உப்பு கரையாது. அதால சுட்டு முடிய கொதிச்ச தண்ணியை புனல் வச்சுக் குழலுக்குள்ள ஊத்தித்தான் கழுவினவை, சூட்டில தண்ணி தானே காய்ஞ்சிடும், பிறகுதான் எண்ணெய். ஒரு நாள் விட்டாலும் குழலுக்குள்ள சுழிச்சு வெட்டின தவாளிப்பில கறள் பிடிச்சு குறி கெட்டிடும்.

மற்றது மரம். ஈரக் காத்துப் பட்டா மரம் ஊதும், வெயிலில சுருங்கும், குழலில படுற அழுத்தம் மாறும், நேற்றுச் சரியா விழுந்த சன்னம் இண்டைக்குத் தள்ளி விழும். மாரியில எங்கட வீட்டுக் கதவு இறுகிற அதே காரணம்தான். அதோட முன் இரும்புக் கட்டையின்ர திருகாணியள் அதிர்வில இளகிற பழுதும் இருந்தது, அதைத் துவக்குத் திருத்துற ஆமோரர்மார் அடிக்கடி பாத்துக்கொண்டே இருக்க வேணும்.

கேள்வி: யுத்தம் முடிய இந்தத் துவக்குகளுக்கு என்ன நடந்தது?

1950–53 கொரியாச் சண்டைக்குப் போச்சு. பிறகு நேட்டோ நாடுகள் எல்லாம் 7.62 மில்லிமீற்றர் ரவைக்கு மாற, பிரிட்டிஷ்காரர் புதுத் துவக்கு வாங்காமல் பழைய நம்பர் 4 ரியளில ஆயிரம் சொச்சத்தை எடுத்து 1970 தொடக்கம் மாத்தினவை. பாரமான புதுக் குழல், முன் மரத்தை வெட்டிக் குழலைத் தொடாமல் விட்டது, பழைய நம்பர் 32 ஸ்கோப்பையே மீற்றர் கணக்குக்குத் திருத்தினது. பேர் எல்42ஏ1. இதைக் கொண்டுதான் 1982 இல ஆர்ஜென்டீனாவோட நடந்த ஃபோக்லண்ட் தீவுச் சண்டைக்குப் போனவை. 1944 இல ஹிட்லருக்கெதிரா எண்டு செய்த உடம்பு, 38 வருசம் கழிச்சு தென் அத்லாந்திக் குளிரில. அந்த ஈரக் குளிர் பழைய ஸ்கோப்புகளுக்கும் மரத்துக்கும் ஒத்து வரேல்லை.

அதுக்குப் பிறகு வந்தது எல்96ஏ1. அதைச் செய்த அக்யுரசி இன்டர்நஷனல் கொம்பனியைத் தொடக்கினவர் மல்கம் கூப்பர், 1984 லொஸ் ஏஞ்சல்ஸ், 1988 சியோல் ரெண்டு ஒலிம்பிக்கிலயும் துப்பாக்கிச் சூட்டில தங்கம் எடுத்தவர். அவரும் கூட்டாளியளும் மரத்தையே விட்டுட்டு நடுவில அலுமினியச் சட்டம் வச்சு, அதில உடம்பைப் பூட்டி, வெளியில பிளாஸ்டிக் ஓடு போட்டவை. மழை வந்தாலும் வெயில் வந்தாலும் அழுத்தம் மாறாது. 600 மீற்றரில முதல் வெடியே பட வேணும், 1000 மீற்றர் வரைக்கும் எதிரியைத் தலை தூக்க விடாமல் பண்ண வேணும், இதுதான் அவைக்குக் குடுத்த கட்டளை. இதுக்கும் அடுத்ததா பெரிய 8.59 மில்லிமீற்றர் ரவையோட எல்115ஏ3 வந்தது, அதாலதான் 2009 இல கிரெய்க் ஹாரிசன் ஆப்கானிஸ்தானில 2,475 மீற்றரில சுட்டது. 2017 இல கனடாப் படைக்காரர் ஒருத்தர் ஈராக்கில 3,540 மீற்றர் எண்டு அதையும் தாண்டினவர்.

கேள்வி: மறைஞ்சிருந்து சுடுறது யுத்தச் சட்டப்படி பிழை இல்லையோ?

சண்டை பிடிக்கிற சிப்பாயைச் சுட்டால் சட்டப்படி பிழை இல்லை. ஸ்னைப்பரும் மற்றச் சிப்பாய் மாதிரித்தான், பிடிபட்டா யுத்தக் கைதி. நடைமுறையில ரெண்டு பக்கமும் ஸ்னைப்பரை வெறுத்தவை, பிடிச்ச உடன சுட்டுப் போட்ட சம்பவங்கள் எல்லாப் போர்முனையிலயும் இருக்கு, அதுவும் சட்டப்படி குற்றம்.

சாதாரண சனத்தைச் சுடுறது முழுக் குற்றம். பொஸ்னியாவின்ர தலைநகர் சராஜெவோவில 1992 இல இருந்து தண்ணிக்கு வரிசையில நிண்ட சனத்தையும் ட்ராமில போன சனத்தையும் மலையில இருந்து ஸ்னைப்பர்மார் சுட்டவை, சனம் கொண்டெய்னரையும் பழைய பஸ்ஸையும் மறைப்பா வச்சு அதுக்குப் பின்னால ஓடித் திரிஞ்சது. அதுக்குக் கட்டளை குடுத்த ஜெனரல் ஸ்டனிஸ்லாவ் கலிச்சை ஹேக் நீதிமன்றம் குற்றவாளி எண்டு தீர்த்து, 2006 மேன்முறையீட்டில ஆயுள் தண்டனை குடுத்தது. துவக்கைப் பற்றி இவ்வளவு விருப்பத்தோட எழுதுற நான் இதையும் எழுதாமல் விட ஏலாது, ஏனெண்டா ஸ்கோப்புக்குள்ளால பாக்கிறவனுக்கு தான் சுடுறது ஆர் எண்டு வடிவாத் தெரியும். ஷெல் அடிக்கிறவன் தெரியாது எண்டு சொல்லலாம், இவன் சொல்ல ஏலாது.

கேள்வி: வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் ஒரு நம்பர் 4 ரி வாங்கப் பாக்கிறார், போலி எண்டு எப்பிடிப் பிடிக்கிறது?

சாதாரண நம்பர் 4 இல கட்டை ஒட்டி, பழைய ஸ்கோப் போட்டு விக்கிறது கனக்க நடக்குது. உடம்பின்ர இடப்பக்கம் தெரிவு செய்ததுக்கான ரி ஆர் அடையாளம் இருக்கோ, பின் மரத்துக்குக் கீழ ஹொலண்ட் அண்ட் ஹொலண்டின்ர எஸ் 51 முத்திரை இருக்கோ, மரத்தின்ர கழுத்தில அடிச்ச ஸ்கோப் இலக்கமும் ஸ்கோப்பில இருக்கிற இலக்கமும் ஒண்டோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ. புது அடி எண்டா எழுத்தின்ர ஓரம் கூரா இருக்கும், எண்பது வருச அடி தேய்ஞ்சு எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கும். அந்த நாட்டு லைசன்ஸ் விசயத்தை முதல் முடிக்கச் சொல்லுங்கோ. இஞ்ச கொண்டு வாற யோசனை வேண்டாம், 1916 சுடுகலன் கட்டளைச் சட்டம் இண்டைக்கும் நடைமுறையில இருக்கு, அனுமதி இல்லாமல் வச்சிருந்தா மறியல்தான்.

கேள்வி: காணி கிண்டேக்க பழைய பித்தளை ரவை ஒண்டு வந்தது, 303 ஓ எண்டு எப்பிடிப் பாக்கிறது?

பாக்க வேண்டாம். கழுவவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம், வீட்டுக்குள்ள கொண்டு வரவும் வேண்டாம். எங்கட மாவட்டத்தில 1942 இல இருந்து 2009 வரைக்கும் விழுந்ததும் புதைஞ்சதும் நிலத்துக்குள்ள கிடக்கு, ஒரு ரவை கிடந்த இடத்தில பக்கத்தில வேற என்ன கிடக்கும் எண்டு மண்வெட்டிக்குத் தெரியாது. கிண்டுறதை அந்த இடத்திலயே நிப்பாட்டி, ஒரு தடியை நட்டு அடையாளம் வச்சு, பிள்ளையளைத் தள்ளி நிக்கச் சொல்லி, பொலிசுக்கு அடியுங்கோ, அவை குண்டு அகற்றுற பிரிவைக் கூட்டிக்கொண்டு வருவினம்.